கதவு நிலையில் ஒரு நீலக்கோடு

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் வரிசையாக ஏறிப்போகும். மகளுக்குச் சிவப்புப் பென்சில், மகனுக்கு நீலம். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், நீலக்கோடு ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக முளைத்து நின்றது. பக்கத்தில் கோணல்மாணலாக 141 என்று எழுதியிருந்தது. மகன் தன் தலையில் தானே ஸ்கேலை வைத்துப் போட்டுக்கொண்ட கோடு. மனைவி தையல் டேப்பை எடுத்து, அவன் குதிகாலைத் தரையில் அழுத்தச் சொல்லி மறுபடி அளந்தாள். 138.

மூன்று சென்டிமீட்டருக்கு இந்தத் திருட்டுத்தனம் ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாரம் புதன்கிழமை பிடதிக்குப் பக்கத்தில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதாக இருந்தோம். அங்கே பிள்ளைகளுக்கு வயது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே வேண்டாம். அங்கிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். 140ஐத் தாண்டினால் முழு டிக்கெட். பயங்கரமான ராட்டினங்கள் பலவற்றில் ஏறவும் அதே 140 கேட்பார்கள். ஆக, 138 என்பது எனக்கு லாபம், அவனுக்கு நஷ்டம்.

என் சிறுவயதில் இது நேர்மாறாக இருந்தது. திருப்பத்தூரிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறும்போதெல்லாம் கண்டக்டர் வந்தால் அம்மா என் தோளை அழுத்துவாள். "குனிஞ்சி உக்காருடா" என்பாள். அரை டிக்கெட்டுக்காக நான் பல வருடம் பத்து வயசிலேயே இருந்தேன். அதே அம்மா, இப்போது பேரனுக்காக, "இன்னா பெரிய ரெண்டு சென்ட்டிமீட்டர், கனமா ஷூ போட்டு இட்டுனு போ" என்று யோசனை சொன்னாள்.

புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெங்களூரில் ஜூன் முதல் வாரத்துக்குள் பள்ளிகள் திறந்துவிடும். கோடை விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டும் காலம் நவம்பருக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் வாரநாள் ஒன்றைப் பிடித்தால் வரிசை குறைவு. வெயிலும் மட்டு. தென்மேற்குக் காற்று வீசும், வானம் மூடியே இருக்கும், தூறினாலும் தண்ணீரில் விளையாடப் போகிறவர்களுக்கு அதனால் என்ன? பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒருநாள் மட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கு எழுதிய லீவு லெட்டரில் என்ன காரணம் சொன்னோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆட்கள் ஏழு பேர். நாங்கள் நால்வர், அம்மா, திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த என் மச்சான், அவர் மனைவி. ஏழு பேர் என்றதும் திட்டம் போடுவது குடும்பச் சண்டை போடுவது மாதிரி ஆகிவிடுகிறது.

நான் மெட்ரோ கட்சி. எங்கள் வீட்டுக்கு எட்டு நிமிட நடையில் ஹலசூரு ஸ்டேஷன். ஊதா வழித்தடம் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு தொடங்கி மைசூர் ரோட்டில் கெங்கேரியைத் தாண்டிச் சல்லகட்டா வரை, 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக, ஒரே ஓட்டமாக ஓடுகிறது. சல்லகட்டாவில் இறங்கினால் பாதித் தூரத்துக்கு மேல் முடிந்தது. அங்கிருந்து பஸ்ஸோ வாடகை வண்டியோ. ரயில்தான் வேண்டும் என்றால் மைசூர் பாதையில் பிடதிக்கே ஸ்டேஷன் உண்டு. மெஜஸ்டிக்கிலிருந்து நேராகப் பூங்கா வரைக்கும் நகரப் பேருந்தும் உண்டு. தனியாளாகவோ இரண்டு வாலிபர்களாகவோ போனால் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

"போறப்போ சரிங்க. வரும்போது? ஈரத்துணி மூட்டையோட, தூங்கி வழியற பிள்ளைங்களோட, முட்டிவலிக்கிற அத்தையோட?" என்றாள் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னோவா பேசினோம்.

வாடகை வண்டி பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகருக்குள் ஓட்டும் பேக்கேஜ் பெரும்பாலும் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று இருக்கும். அல்சூரிலிருந்து போய்வர கிலோமீட்டர் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். நேரம் அடங்காது. காலை ஏழரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பினால் பதிமூன்றரை மணி. பணம் அந்த மிச்ச நேரத்தில்தான் போகிறது. நான் தூரத்தை மட்டும் கணக்குப் போட்டேன். மச்சான் திருப்பத்தூரில் மண்டி வைத்திருப்பவர். முதல் கேள்வியே, "அங்க நிக்கிற நேரத்துக்கும் காசா மாமா?" என்பதுதான்.

துணி விஷயத்தை மனைவி பார்த்துக்கொண்டாள். தண்ணீர் விளையாட்டுகளில் நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் போட வேண்டும். பருத்தி கூடாது. இது ஏதோ ஜம்பத்துக்கு வைத்த விதி என்று நான் நினைத்ததுண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நூலும் பிசிறும் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். சறுக்கில் துப்பட்டாவோ முந்தானையோ மாட்டினால் அதோடு கதை முடிந்தது. உள்ளேயே கடை இருக்கிறது. ஆனாலும் அவசரத்தில் அளவு பார்க்காமல் வாங்குவதைவிட முன்பே வாங்குவது மேல் என்று அவள் ஞாயிறு மாலை சிவாஜிநகர் போய் ஆறு பேருக்கும் வாங்கிவந்தாள். ஏழாவது ஆளான அம்மா, "இந்த வயசுல எனக்கு அந்தக் கருமம் எதுக்கு" என்று சொல்லிவிட்டாள்.

சாப்பாடுதான் சிக்கல். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அம்மாவிடம் மூன்று முறை சொன்னோம். மூன்று முறையும் சரி என்றாள். புதன்கிழமை அதிகாலை நாலரைக்கு நல்லெண்ணெயில் மிளகாயும் பெருங்காயமும் பொரிகிற வாசனையில் வீடே எழுந்தது. எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிசோறு. மேலே வாழையிலை வைத்து மூடி, துண்டால் முடிச்சுப்போட்டிருந்தாள். "உள்ள உடலன்னா வண்டியில இருக்கட்டும். சோறு ஓடியா பூடும்?"

ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். டவுன் ஹால் பக்கம் மேம்பாலம் ஏறி, சிர்சி சர்க்கிளில் இறங்கி, மைசூர் ரோடு. இந்தச் சாலையை எனக்கு வாசனையால் தெரியும். நாயண்டஹள்ளி நெருங்கும்போது ஜன்னலை ஏற்றிவிடுவோம். சாலையோடு கூடவே வருவது விருஷபாவதி. பெயருக்கு ஆறு. நகரத்தின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து, நுரை தள்ளிக்கொண்டு போகிறது. இது அர்க்காவதியில் சேரும், அர்க்காவதி மேகதாட்டுக்குப் பக்கத்தில் காவிரியில் சேரும், காவிரி ஒகேனக்கல்லில் குதித்துத் தமிழ்நாட்டுக்கு வரும். மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் குடிக்கும் சொந்தக்காரர்கள் அவருக்குத் தர்மபுரியில் நிறைய.

கெங்கேரி, கும்பலகோடு. இதற்கு அப்புறம்தான் நான் ஒரு தப்புப் பண்ணினேன்.

பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறந்தது. நடுவில் ஆறு வழி, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு வழி சர்வீஸ் ரோடு. அந்த ஆகஸ்டிலிருந்து நடுவழியில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. கார்களுக்கு அது வழுவழு பாதை. ஆனால் அதில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பிடதியை அது தொடுவதே இல்லை, ஊரை ஒதுக்கிவிட்டுப் புறவழியாகப் போய்விடுகிறது. பூங்காவுக்குப் போகிறவர்கள் சர்வீஸ் ரோட்டையே பிடித்துக்கொண்டு போக வேண்டும். டிரைவர் அண்ணன் ஊத்தங்கரைக்காரர், இந்தப் பக்கம் புதிது. "எந்த ரோடு சார்?" என்றார். நான் போனில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "நேரா போங்கண்ணா."

நேராகப் போனோம். டோல் கட்டினோம். பிடதி எங்களுக்குப் பக்கவாட்டில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ராமநகராவை நெருங்கிய பிறகுதான் இறங்க வழி கிடைத்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

என்னைக் காப்பாற்றியது பாறைகள். சாலையிலிருந்து பார்த்தால் மொட்டை மொட்டையாக, யானைகள் படுத்திருப்பது போல, சாம்பல் நிறக் குன்றுகள். மச்சான் சட்டென்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மாமா, இது ஷோலே இடம் இல்ல?" அதேதான். 1975 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த ஷோலேயின் ராம்கர் கிராமம் இந்த ராமநகராவில் போட்ட செட். வில்லன் கப்பார் சிங் உட்கார்ந்து எத்தனை ஆட்கள் என்று கேட்டது இந்தப் பாறைகளின் மேல்தான். படம் பிரமாதம் என்பதைவிட, அந்தப் பாறைகளைத் தேர்ந்தெடுத்த கண் பிரமாதம் என்பது என் கட்சி. வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் பார்த்தோம். 2025இல் இந்த மாவட்டத்துக்குப் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. ரியல் எஸ்டேட்காரர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். எனக்கு ராமநகராதான்.

பழைய சாலையில் திரும்பி வந்ததால் பிடதி ஊருக்குள் போகக் கிடைத்தது. தப்பான வழியிலும் ஒரு நல்லது. பிடதி என்றால் பெங்களூர்க்காரர்களுக்கு முதலில் வருவது பூங்கா இல்லை, தட்டெ இட்லி. தட்டெ என்றால் நம்முடைய தட்டுதான். குழி இல்லாத, உள்ளங்கையைவிடப் பெரிய வட்டத் தட்டுகளில் மாவை ஊற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்டாண்டில் அடுக்கி ஆவியில் வைக்கிறார்கள். நாங்கள் போன கடையில் அடுப்பு வாசலிலேயே இருந்தது. மூடியைத் தூக்கினால் ஒரு ஆள் உயரத்துக்கு ஆவி எழும்பும். அதற்குள் கையை விட்டு ஸ்டாண்டை வெளியே இழுக்கிறார் ஒருவர். கத்தியோ கரண்டியோ இல்லை. தட்டைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு, இட்லி இலையில் விழுகிறது. நடுவில் ஒரு உருண்டை வெண்ணெய். கன்னடத்தில் பெண்ணெ. அது உருகி ஓரத்துக்கு வருவதற்குள் சட்னி வந்துவிடும். மாவில் அவலோ ஜவ்வரிசியோ சேர்ப்பதால் நம் இட்லியைவிட நெகிழ்வாக, விரலுக்குப் பஞ்சுபோல் அமுங்கும். சாம்பாரைத் தேடாதீர்கள். சட்னிதான் ஜோடி.

அம்மா ஒன்று சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்குது, உளுந்து கம்மி" என்று தீர்ப்புச் சொன்னாள். மச்சான் மூன்று சாப்பிட்டார். அந்த மூன்றாவதைப் பற்றிப் பின்னால் வரும்.

டிரைவர் அண்ணனும் சாப்பிட்டுவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வண்டி இந்த ஊர்லதான் சார் செய்யுறாங்க" என்றார். உண்மைதான். டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலை பிடதியில் இருக்கிறது. முதலில் குவாலிஸ் செய்தார்கள், 2005இலிருந்து இன்னோவா. பூங்காவும் அதே 2005இல்தான் திறந்தது. ஒரே வருடத்தில் ஏழு பேர் உட்காரும் வண்டியும், ஏழு பேர் போகும் இடமும் ஒரே ஊரில்.

பூங்காவின் கதை வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொடங்குகிறது. கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 1977இல் வி-கார்டு என்ற பெயரில் ஸ்டெபிலைசர் செய்து விற்கத் தொடங்கினார். மின்சாரம் ஏறி இறங்கும் நாட்டில் அதை ஏறாமல் இறங்காமல் வைப்பதுதான் தொழில். அந்தத் தொழிலில் வந்த மனிதர் 2000இல் கொச்சியில் வீகாலேண்ட் திறந்தார். காசு கொடுத்து ஏறி இறங்குவதற்கென்றே ஒரு இடம். அந்த வரிசையில் பெங்களூர்ப் பூங்கா இரண்டாவது. பிறகு 2016இல் ஹைதராபாத், 2024இல் புவனேஸ்வரம். 2025 டிசம்பரில் சென்னைக்காரர்களுக்கும் திருப்போரூர்ப் பக்கம் ஒன்று வந்துவிட்டது.

பதினொரு மணிக்குத் திறப்பு. ராமநகரா சுற்றியதில் நாங்கள் பதினொன்றே காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்திருந்தோம். சில நாள் முன்னால் எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும். பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுக்கும், மூத்த குடிமக்களுக்கும் சலுகை அறிவிக்கும் வழக்கமும் உண்டு. கூடுதல் காசு கொடுத்து வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் ஒன்று இருக்கிறது. நாங்கள் எடுக்கவில்லை. விடுமுறை நாளில் அது வேண்டியிருக்கலாம். ஜூன் மாதப் புதன்கிழமையில் அது தண்டம்.

நுழைவில் மகனை அளந்தார்கள். கனத்த அடிப்பாகமுள்ள ஷூ போட்டிருந்தான், ஆயாவின் யோசனைப்படி. அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே கன்னடம் கலந்து, "ஷூ கழட்டு புட்டா" என்றாள். 138. நான் குழந்தை டிக்கெட் எடுத்திருந்தது சரியாய்ப் போயிற்று. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

82 ஏக்கர். 60க்கு மேற்பட்ட விளையாட்டுகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்கிறவர் வேலைக்கு வந்தவர், விளையாட வந்தவர் இல்லை. மதியம் வரை உலர்ந்தவை, பிறகு தண்ணீர் என்று மனைவி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். நல்ல திட்டம்தான். அது சரியாக நாற்பது நிமிடம் நின்றது.

முதலில் ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டர். ரயிலை முதலில் பின்னோக்கி உயரே இழுக்கிறார்கள். அங்கே ஒரு நொடி நிற்கும். அந்த நொடியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு விடுகிறார்கள். தலைகீழாகச் சுழன்று எதிர்ப்பக்கம் ஏறி, மறுபடி அதே தண்டவாளத்தில் பின்னோக்கியே திரும்பி வருகிறது. முன்னால் போகும்போது என்ன வரப்போகிறது என்று கண்ணாவது சொல்லும். பின்னால் வரும்போது அதுவும் இல்லை. மகள் கத்தினாள், நான் கத்தினேன், மச்சான் கத்தவில்லை. இறங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதுக்குள் இருக்கும் திரவம் ஒன்றைச் சொல்லும், கண் வேறொன்றைச் சொல்லும், இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். மூன்று தட்டெ இட்லியும் வெண்ணெயும் இருந்த வயிறு. மேற்கொண்டு விவரிக்கவில்லை. அன்று முழுக்க அவர் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டு ஒதுங்கியே இருந்தார். அவர் மனைவியோ, ஊரில் பெரிய ராட்டினத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண், வரிசையில் திரும்பப் போய் இன்னும் இரண்டு முறை ஏறினாள்.

மகனும் அம்மாவும் வேலிக்கு வெளியே பெஞ்சில் இருந்தார்கள். ஏறும் இடத்தில் அளவுக் கம்பம் இருந்தது. அவன் அதன் பக்கத்தில் போய் நின்று, கையைத் தலையில் தட்டையாக வைத்து, கோட்டுக்கும் கைக்கும் இடையில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சின்ன விரல் அளவு. யாரும் அவனைத் திட்டவில்லை, துரத்தவும் இல்லை. அங்கே நின்ற ஊழியர், "அடுத்த வர்ஷ பா" என்றார். விதி எதற்கு என்று நான் விளக்கினேன். தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஒரு அளவு உடம்புக்காகச் செய்தது, அதைவிடச் சின்ன உடம்பு அதற்கடியில் நழுவலாம், அது வயசைப் பார்க்காது, தைரியத்தையும் பார்க்காது என்றெல்லாம் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்காவுக்குத் தைரியம் கம்மி, ஆனா உயரம் இருக்கு" என்றான்.

குடும்பமாகப் போகிறவர்கள் திட்டத்தை யாரை வைத்துப் போட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் போட்ட காலண்டர் தாளில் மகளுக்கும் எனக்கும் வேண்டியதெல்லாம் இருந்தது. ஏற முடியாத இருவர் எங்கே உட்காருவார்கள், என்ன செய்வார்கள், எத்தனை நேரம் காத்திருப்பார்கள் என்று ஒரு வரி இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்தாள் மனைவி. நேராகத் தண்ணீர்ப் பக்கம் போனோம். அங்கே 138 ஒரு குறையில்லை.

அலைக்குளத்தில் சைரன் ஒலித்ததும் எல்லோரும் ஆழத்தை நோக்கி ஓடுகிறார்கள். கடலில் அலை வந்தால் கரைக்கு ஓடும் அதே ஜனம். இப்படிப்பட்ட குளங்களில் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் அறைகளில் காற்றை அடைத்துத் தண்ணீரைத் தள்ளுவார்கள். சில நிமிடம் அலை, பிறகு ஓய்வு. கடலே இல்லாத ஊரில் மணியடித்து வரும் கடல். மகன் அந்த அலையில் இருபது தடவையாவது விழுந்து எழுந்திருப்பான். பிறகு மழை நடனம். இருட்டு அரங்கம், வண்ண விளக்கு, கூரையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கொட்டும். பெங்களூர்க் குளிரில் நடுங்கி வருகிறவர்களுக்கு அந்தச் சூடு ஒன்றே போதும். தெலுங்குப் பாட்டு, கன்னடப் பாட்டு, நடுவில் தமிழ்க் குத்துப்பாட்டு ஒன்று. பாட்டு மாறும்போது அரங்கத்தில் எந்த மூலையில் யார் கத்துகிறார்கள் என்று பார்த்தால் ஊர் ஊராகப் பிரித்துவிடலாம். தமிழ்ப் பாட்டுக்கு எங்கள் மூலையைவிட எதிர் மூலையில் சத்தம் அதிகம். ஓசூர்க் கல்லூரிப் பையன்களாம்.

அம்மா பைகளோடு நிழலில் இருந்தாள். பக்கத்தில் மண்டியாவிலிருந்து வந்த இன்னொரு பாட்டி, அவர் மடியிலும் பைகள். நான் துண்டு எடுக்கப் போனபோது இருவரும் இரண்டு மொழிகளைக் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தண்ணீர். 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வறண்டு, கார் கழுவவும் நீச்சல் குளத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது. எங்கள் தெருவில் டேங்கர் வரும் நாளில் அம்மா குடத்தோடு ஐந்து மணிக்கே நிற்பாள். இப்போது அலைக்குளத்தைப் பார்த்தபடி, "இவ்ளோ தண்ணிய ஒண்ணா பாத்து எத்தினி வர்ஷம் ஆச்சு" என்றாள். மண்டியா பாட்டி தன் ஊர்க் கால்வாயைப் பற்றிச் சொன்னார். காவிரிப் பிரச்சினையை இந்த இரண்டு பேரிடமும் விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் பங்கு பிரித்திருப்பார்கள்.

மூன்று மணிக்கு மேல் மகன் தண்ணீரிலிருந்து தானாகவே வெளியே வந்தான். உடை மாற்றிக்கொண்டு ஆயாவின் கையைப் பிடித்துக் குதிரை ராட்டினத்துக்கு இழுத்தான். அம்மா முதலில் மறுத்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குதிரையில் ஏறாமல், நடுவில் இருந்த ரதம் மாதிரியான இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்துக் குதிரையில். எங்கள் ஊர்த் திருவிழாவில் மரத்தால் செய்து நாலு பெட்டி கட்டிக் கையால் சுற்றும் ராட்டினம் ஒன்று வரும். சுற்றுகிறவர் மூச்சு வாங்கினால் ராட்டினமும் மெதுவாகும். அதில் ஏறிய அம்மாவை நான் பார்த்ததில்லை. காசு எங்களுக்கு மட்டும்தான் இருக்கும். கீழே நின்று முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்ப்பாள். இந்தக் குதிரை ராட்டினம் சுற்றத் தொடங்கியதும் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வாயையும் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா பயப்படுகிறாளா என்று தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் தெரிந்தது. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இசை நீரூற்று, லேசர் காட்சி எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. திரும்பும்போது சர்வீஸ் ரோட்டை விடவே இல்லை. ஆனால் கெங்கேரியில் மாட்டிக்கொண்டோம். இந்தச் சாலையில் மாலை ஏழு மணிக்கு நகரத்துக்குள் நுழைவதும் ஊசிக்காதில் கயிறு கோர்ப்பதும் ஒன்று. முன்னும் பின்னும் சிவப்பு விளக்குகள். அரைமணியில் ஒரு கிலோமீட்டர். மகள் தூங்கிவிட்டாள். தலைக்கு மேலே ஊதா மெட்ரோ ஒன்று வெளிச்சத்தோடு எங்களைத் தாண்டிப் போனது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஈரத்துணி மூட்டையைக் காட்டினாள்.

அப்போதுதான் அம்மா சீட்டுக்கடியிலிருந்து தூக்கை எடுத்தாள். காலை நாலரைக்குச் செய்த புளிசோறு பதினாலு மணி நேரத்தில் புளியும் எண்ணெயும் உள்ளே இறங்கி ஊறியிருந்தது. மூடியைத் திறந்ததும் வண்டிக்குள் காலை வாசனையே திரும்ப வந்தது. மூடியிருந்த வாழையிலையைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. முதல் பங்கு டிரைவர் அண்ணனுக்கு. நாள் முழுக்க எதுவும் வேண்டாம் என்றிருந்த மச்சான் இரண்டாம் முறையும் கை நீட்டினார். மகன் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே, அடுத்த வருடம் எப்போது வரும் என்று கேட்டான். வண்டி பத்தடி நகர்ந்தது. மறுபடி நின்றது.

வீட்டுக்கு வர ஒன்பதரை. வண்டிக்குக் கூடுதல் மணிக்கணக்கில் கொடுத்தது பேக்கேஜ் வாடகையில் பாதிக்கு மேல். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

அவன் போட்டுக்கொண்ட 141 கோட்டை மனைவி அழிக்கவில்லை. அதற்குக் கீழே 138ஐத் தேதியோடு எழுதி வைத்தாள். இந்த ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுநாள், குதிகாலைத் தரையில் அழுத்தி அளந்தோம். டேப் சரியாகப் பழைய திருட்டுக்கோட்டில் வந்து நின்றது. இனி அவனுக்கு முழு டிக்கெட்.